அரம் தொடாத குழல்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் ஆலையில் முப்பத்தாறு ஆண்டுகள் பிட்டராக, அதாவது இயந்திரத் துண்டுகளைப் பொருத்திச் சரிசெய்பவனாக, வேலை பார்த்தவன் நான். எனக்கு முன்னால் அதே ஆலையில் அதே வேலையை அப்பா பார்த்தார். பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் உழைப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இரும்பை அறுத்தும் ராவியும் பிழைத்தவனுக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கிறது.

1948 ஜூன் 16 அன்று நம் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நாடு முழுவதும் அவசரகாலம். அதன் பிறகு எங்கள் துரை துப்பாக்கி இல்லாமல் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்துக்கு, வந்ததே இல்லை. அவர் வைத்திருந்தது கோல்ட் 1911. பாயிண்ட் நாற்பத்தைந்து அங்குல ரகம். தோட்டாவின் குறுக்களவு பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெறும் துப்பாக்கியே ஒரு கிலோவுக்கு மேல் எடை.

அதைச் சுத்தம் செய்ய மாதம் ஒருமுறை அப்பாவைப் பங்களாவுக்குக் கூப்பிடுவார். நானும் கூடவே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். அப்பாவின் கை நடுங்கும். நடுங்காமல் என்ன செய்யும்? மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த நம் எஸ்.ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்பதற்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டிருந்தார்கள். லயத்தில், எங்கள் தொழிலாளர் குடியிருப்பில், அந்தத் துக்கம் ஆறாத காலம். தோட்டாக்களைத் துரை தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அப்பா அந்த மேசையை நெருங்குவார். இன்றைக்கும் உரிமம் இல்லாத துப்பாக்கி இந்நாட்டில் சிறையும் பிரம்படியும் தரும் குற்றம். இளைஞர்கள் இதை மறக்கக் கூடாது.

முதல் நாள் அதைக் கையில் வாங்கிய அப்பா லேசாக அசைத்துப் பார்த்தார். கடகடவென்று ஆடியது. தேய்ந்துபோய்விட்டது, வேலைக்கு ஆகாது என்றே நினைத்தாராம். பிரித்து நாளிதழின் மேல் பரப்பிய பிறகுதான் புரிந்தது. திருப்புளி, சுத்தியல் எதுவும் தேவைப்படவில்லை. விரலால் அழுத்தித் திருப்பியே குழல், மேல்மூடி, சுருள்வில் எல்லாம் தனித்தனியாக வந்துவிட்டன. குழலின் முதுகில் மேடுகள், மேல்மூடியின் உட்பக்கம் அவற்றுக்கேற்ற பள்ளங்கள். சுடும் கணத்தில் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகப் பின்னால் நகரும். சிறிது தூரம் போனதும் ஒரு சின்ன இணைப்புத் துண்டு குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துப் பூட்டைத் திறந்துவிடும். அந்தப் பூட்டில்தான் இறுக்கம் வேண்டும். மற்ற இடங்களில் வேண்டிய அளவு ஆட்டம் விட்டிருக்கிறார்கள், சேறும் மணலும் உள்ளே போனாலும் சிக்காமல் ஓட வேண்டுமே! எங்கே இறுக்குவது, எங்கே ஆட்டம் விடுவது என்று தெரிந்தவன்தான் பிட்டர் என்பார் அப்பா. அந்தப் பாடத்தை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தத் துப்பாக்கியை வைத்துத்தான்.

அதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்த ஜான் பிரவுனிங். 1911 மார்ச்சில் ராணுவம் வைத்த சோதனையில் ஒரே துப்பாக்கியால் 6,000 குண்டுகள் சுட்டார்கள். சூடு தாங்காமல் போனபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் சுட்டார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கி 37 முறை தடுமாறியது. அந்த மாதம் 29ஆம் தேதியே பிரவுனிங்கின் துப்பாக்கியை ராணுவம் ஏற்றுக்கொண்டது.

பெரிய குண்டு என்றால் துப்பாக்கி சீக்கிரம் தேயும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ். குண்டு கனமானது, சுமார் 15 கிராம். ஆனால் வேகம் குறைவு, நொடிக்கு 250 மீட்டர் அளவுதான். குழல் அகலமாக இருப்பதால் உள்ளே அழுத்தமும் குறைவு. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் அழுத்தம் இதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். இது நீண்ட நாள் உழைத்ததற்கு இரும்பின் தரம் ஒரு காரணம் என்றால், இந்தக் குறைந்த அழுத்தம் இன்னொரு காரணம்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குறிபார்க்கும் முனை மிகச் சிறியது, மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. ஆரம்பக் காலத்து மேல்மூடிகளின் எஃகு மென்மையானது, நெடுநாள் சுட்டால் விரிசல் விடும். பின்னால் வந்தவற்றில் தேயும் இடங்களை மட்டும் சூடேற்றிக் கடினப்படுத்தினார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதைச் செய்தவர்கள் யார் யார் தெரியுமா? மிக அதிகமாகச் செய்தது தட்டச்சு இயந்திரம் செய்யும் ரெமிங்டன் ராண்ட். ரயில் சிக்னல் செய்யும் நிறுவனம் ஒன்றும் செய்தது. லயத்தில் என் அம்மா காலால் மிதித்து ஓட்டிய தையல் இயந்திரத்தின் சிங்கர் நிறுவனமும் 500 துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. எந்த ஆலையில் செய்த துண்டும் இன்னோர் ஆலையின் துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. அதனால்தான் 1945க்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட வாங்காமல், குழலையும் சுருள்வில்லையும் மாற்றி மாற்றியே 1985 வரை அமெரிக்க ராணுவம் இதை ஓட்டியது.

ஒரு பிட்டராக எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆலை உருளையின் அச்சைத் தாங்கும் வளையமான ஒரு புஷ் மாற்றுவதென்றால், கடைந்து, பொருத்திப் பார்த்து, கழற்றி, அரத்தால் ராவி, மறுபடி பொருத்தி, அரை நாள் போய்விடும். ஓர் ஆண்டு துரை சீமைக்கு விடுப்பில் போனபோது துப்பாக்கியைப் பாதுகாப்புக்காக ஓர் இடத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அடைமழைக் காலம். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் தீ மூட்டும் மருந்து எரிந்தால் குழலுக்குள் உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் இட்டால்தான் குழல் பிழைக்கும். அப்பா ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வார். வாங்கி வைத்தவர்கள் யாரோ சுட்டுப் பார்த்துவிட்டு அப்படியே உறையில் செருகியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது குழலின் உட்புறம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக அரித்திருந்தது. அன்று அப்பா சோறு சாப்பிடவில்லை.

துரை எழுதிப் போட்டு, பல வாரம் கழித்துப் புதுக் குழல் பார்சலில் வந்தது. அப்பா சாக்குத் துணியில் மூன்று அரங்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். குழலை மேல்மூடிக்குள் நுழைத்தார், இணைப்புத் துண்டை ஊசியில் கோத்தார், பின்னால் இழுத்து விட்டார். டக்கென்று பூட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு துணி பிரிக்காத அரக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஆலைக்குத் திரும்பினார்.

வணக்கம்.