விருப்பத்தேர்வுக் கோப்பு எங்கே இருக்க வேண்டும்?

மொரீஷியஸ் நேயர்களுக்கு வணக்கம். பயனர் தேர்ந்தெடுக்கும் மொழி, எழுத்தளவு போன்றவற்றை மென்பொருள் சேமித்து வைக்கும் கோப்புதான் விருப்பத்தேர்வுக் கோப்பு.

ரோஸ் ஹில்லில் ஒரு கோவில் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரே கணினி. தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் மென்பொருள் ஒன்று அதில் ஓடுகிறது. மூன்று பேர் தனித்தனிக் கணக்கில் நுழைகிறார்கள். செயலாளருக்குத் தமிழ் மெனு வேண்டும், பொருளாளருக்குப் பிரெஞ்சு, மூன்றாமவருக்குப் பெரிய எழுத்து. ஆனால் ஒருவர் மாற்றினால் மூவருக்கும் மாறிவிடுகிறது. காரணம், மென்பொருளை எழுதியவர் சி டிரைவில் தானே ஒரு கோப்புறை உருவாக்கி, எல்லாருடைய விருப்பத்தையும் அந்த ஒரே கோப்பில் எழுத வைத்திருக்கிறார். விருப்பம் என்பது ஆளுக்குரியது. அதை அந்த ஆளின் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

விண்டோஸில் மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் வைத்தால் வேறு வகைத் தொல்லை. சாதாரணக் கணக்குக்கு அங்கே எழுத உரிமை கிடையாது. பழைய 32 பிட் நிரல் என்றால், அது எழுதுவதை விண்டோஸ் ஓசைப்படாமல், பயனரின் சொந்தக் கோப்புறையான ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். பழுது பார்க்க வருபவர் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள பழைய கோப்பைத் திறந்து மணிக்கணக்காகத் திருத்துவார், ஒன்றும் மாறாது. 64 பிட் நிரலுக்கு அந்தத் திருப்பலும் இல்லை, 'அனுமதி இல்லை' என்ற பிழைதான் வரும்.

விண்டோஸில் சரியான இடம் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங். அலுவலக வலையமைப்பில் ரோமிங் புரொஃபைல் (சர்வரில் சேமிக்கப்படும் பயனர் அமைப்பு) வைத்திருந்தால், பயனர் எந்தக் கணினியில் நுழைந்தாலும் அது கூடவே வரும். அதனால்தான் மொழி, எழுத்தளவு போன்றவை ரோமிங்குக்கு. சாளரம் திரையில் எங்கே நின்றது என்பதும், வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகலான கேஷும் லோக்கலுக்கு. நூற்றுக்கணக்கான மெகாபைட் கேஷை ரோமிங்கில் கொட்டினால், நுழையும்போதும் வெளியேறும்போதும் ஆள் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

கோப்பு இருக்கும் பாதையை நிரலில் கையால் எழுதிவிடாதீர்கள். பயனர் கோப்புறை டி டிரைவில் இருக்கலாம். நம் தீவில் பயனர் பெயரில் பிரெஞ்சு எழுத்தும் வரும், தமிழ் எழுத்தும் வரும். தமிழுக்கு விண்டோஸின் பழைய ஆன்சி கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) எதிலும் இடமில்லை. அந்த அட்டவணையை நம்பும் பழைய ஆன்சி அழைப்பால் பாதையைக் கேட்டால் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் திரும்பும், கோப்பு திறக்காது. எல்லா மொழி எழுத்தையும் கொள்ளும் யூனிகோடு அழைப்பால் விண்டோஸிடமே இடத்தைக் கேளுங்கள்.

மேக்கில் வீட்டுக் கோப்புறைக்குள் லைப்ரரி, அதற்குள் பிரிஃபரன்சஸ். ஆனால் அங்கே விருப்பங்கள் இருக்கும் பிளிஸ்ட் என்ற வகைக் கோப்பை நேரே எழுதவே கூடாது. சிஎஃப்பிரெஃப்ஸ்டி என்ற பின்னணி நிரல் மதிப்புகளைத் தன் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் கோப்பில் செய்த திருத்தம் கண்டுகொள்ளப்படாமல் போகும், அல்லது அதன் மேலேயே பழையது எழுதப்படும். விருப்பங்களைப் படிக்கவும் எழுதவும் ஆப்பிள் தரும் யூசர்டிஃபால்ட்ஸ் வழியாகவே போங்கள். நீங்களே அமைத்த கோப்புகளுக்கு லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட் என்ற கோப்புறை இருக்கிறது.

லினக்ஸில் எக்ஸ்டிஜி என்ற பொது விதி. முதலில் எக்ஸ்டிஜி கான்ஃபிக் ஹோம் என்ற சூழல் மாறியை (இயங்குதளம் நிரலுக்குத் தரும் அமைப்பு மதிப்பை) பாருங்கள். அது இல்லாவிட்டாலோ காலியாக இருந்தாலோ, வீட்டுக்குள் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் கோப்புறை. அதற்குள் உங்கள் நிரலின் பெயரில் ஒன்று.

இடம் சரியாக இருந்தாலும் எழுதும் முறை தவறினால் பயனில்லை. புயல் காலத்தில் சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால், கோப்பு பூஜ்ய பைட்டாக, அதாவது காலியாக நிற்கக்கூடும். அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பு ஒன்றை முழுதாக எழுதுங்கள், எஃப்சிங்க் என்ற அழைப்பைக் கொடுத்து வட்டில் இறக்குங்கள், பிறகு பெயரை மாற்றிப் பழையதன் மேல் வையுங்கள். தற்காலிகக் கோப்பு வேறு வட்டில் இருந்தால் இந்தப் பெயர்மாற்றம் நடக்காது. கடவுச்சொல்லை மட்டும் இந்தக் கோப்பில் எழுதாதீர்கள். மேக்கின் கீசெயின் போல ஒவ்வோர் இயங்குதளத்திலும் அதற்கென்று பெட்டகம் உண்டு.

இன்னொன்று. ஆப்டேட்டா, லைப்ரரி, கான்ஃபிக் மூன்றுமே மறைந்திருக்கும் கோப்புறைகள். உதவி மெனுவில் 'அமைப்புக் கோப்புறையைத் திற' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கணினி மாற்றும்போது கோவில் செயலாளர் அதைத் தட்டி, கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்வார்.