கஞ்சா: பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்வோம்

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், இருமல் என்றுதான் என் பொழுது போகும். ஆனால் இப்போதெல்லாம் கஞ்சாவைப் பற்றி இரண்டு விதமான ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். பையன் பிடிக்கிறான் என்று தெரிந்து, பதறிப்போய் வரும் பெற்றோர் ஒரு பக்கம். "அம்மாவுக்கு கேன்சர், கஞ்சா எண்ணெய் குடுத்தா குணமாயிடுமாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்று போனை நீட்டும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதை இந்த நேரத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "கஞ்சா இழுத்தால் செத்துப்போவாய்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஏனென்றால் அது அப்படி இல்லை. நம் பகுதியில் சில பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்களே, அது மூச்சை நிறுத்தி ஆளையே கொல்லும். மூளையின் அடித்தண்டில் மூச்சை நடத்தும் இடம் இருக்கிறது. அந்த மாத்திரைகள் அங்கே வேலை செய்கின்றன. கஞ்சா ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அந்த இடத்தில் மிகக் குறைவு. அதனால் கஞ்சாவால் மூச்சு நின்று சாவது என்பது அநேகமாகக் கிடையாது. இதை வியாசர்பாடியில் பதினாறு வயதுப் பையன் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. தெருமுனையில் பத்து வருஷமாக இழுத்துக்கொண்டு நிற்கும் அண்ணனைப் பார்த்தே தெரிந்துகொள்கிறான். அண்ணன் சாகவில்லை. அப்போ டீச்சர் சொன்னது பொய், டாக்டர் சொல்வதும் பொய். அதற்கப்புறம் நாம் சொல்லும் நிஜமான ஆபத்தும் அவன் காதில் ஏறாது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

நிஜமான ஆபத்து எது என்று பார்ப்போம். கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளின் பெயர் டிஎச்சி. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் என்ற வேதியியலாளரும் அவருடைய சகா யெஹியேல் காவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் போய் உட்காரும் இடம் 1988-ல் தெரியவந்தது. பிறகு 1992-ல், அதே இடத்தில் உட்காரும் பொருள் ஒன்றை நம் மூளை தானாகவே சுரக்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள். பசி, வலி, பயம், ஞாபகம் எல்லாவற்றையும் சீராக வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. மூளை அதைத் தேவையான இடத்தில் துளி சுரந்து, உடனே அழித்தும்விடும். டிஎச்சி அப்படி வருவதில்லை. ஒரு குடம் தண்ணீர் வேண்டிய வீட்டுக்குள் மெட்ரோ வாட்டர் லாரியின் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி மூளை முழுக்கப் பாய்கிறது, மணிக்கணக்கில் நிற்கிறது.

இருபது வயதைத் தாண்டியும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. யோசித்து முடிவெடுக்கும் முன்பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. அந்த வளர்ச்சியின் நடுவில் இந்த வெள்ளம் பாய்ந்தால் கவனமும் ஞாபகமும் அடிவாங்கும். சிலருக்கு அதைவிடப் பெரிய சேதம் வரும். ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைப் பல வருஷம் கவனித்து 1987-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த விகிதம், பிடிக்காதவர்களைப் போல ஆறு மடங்கு இருந்தது. மற்ற காரணங்களையும் கணக்கில் எடுத்தபோது அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறையவில்லை. பிடிக்கிற எல்லோருக்கும் வராது, பெரும்பாலானவர்களுக்கு வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் ஆபத்து கூடுதல். சித்தப்பா ஒருவர் ஏதோ ஆகிக் கீழ்ப்பாக்கத்தில் இருந்தார் என்று வீட்டில் பேசாமல் மூடி வைத்திருப்பார்கள். அந்த விஷயம் பையனுக்குத் தெரிய வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா வந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நியூஸ் பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். மீன் வாடையையும் மீறி அந்தப் பச்சை நெடி அறை முழுக்க அடித்தது. "ராவெல்லாம் தூங்க மாட்டேங்கறான் டாக்டர். சுவத்துக்கு அந்தாண்ட யாரோ இவனப் பத்திப் பேசறாங்களாம்" என்றார். பையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், ஐடிஐ மாணவன். கூப்பிட்டேன். என் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடிச்சா திருந்திடுவானா?" அடித்தால் ஒன்றும் ஆகாது அம்மா, அவனுக்கு இப்போது வேண்டியது மருந்தும் தூக்கமும் என்று சொல்லி, ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். காதில் குரல் கேட்பது, சந்தேகம், தூக்கமின்மை இவையெல்லாம் வந்த முதல் வாரங்களிலேயே கூட்டிப் போனால் பலன் நன்றாக இருக்கும். தாயத்து கட்டிக்கொண்டும் இடம் மாற்றிப் பார்த்துக்கொண்டும் ஆறு மாதம் போக்கினால் மீட்பது கஷ்டம்.

"பழக்கமே ஆகாது டாக்டர், எப்ப வேணா விட்டுடுவேன்" என்று பிடிக்கிற பையன் சொல்வான். பழக்கம் ஆகும். பிடிப்பவர்களில் பத்தில் ஒருவர் அடிமை ஆகிறார். சின்ன வயதில் ஆரம்பித்தவர்களில் ஆறில் ஒருவர். திடீரென்று விட்டால் எரிச்சல், கோபம், பசியின்மை, கெட்ட கனவுகள் வரும். முதல் வாரம் கடினம், இரண்டாவது வாரத்தில் தணியும். இதைத் தெரியாத வீடுகளில், விட முயலும் பையன் சிடுசிடுக்கும்போது, மறுபடி பிடித்துவிட்டான் போல என்று திட்டித் துரத்திவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. வருஷக்கணக்காகத் தினமும் பிடிப்பவர்களில் சிலருக்கு ஓயாத வாந்தி வரும், வெந்நீரை மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அடங்கும். அல்சர் என்று நினைத்து எண்டோஸ்கோப்பி வரை போவார்கள். கஞ்சாவை நிறுத்தினால் நின்றுவிடும்.

நுரையீரலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. புகை எதுவானாலும் புகைதான், தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். நம் ஊரில் சிகரெட் தூளோடு கலந்து பிடிப்பதால் புகையிலைப் பழக்கமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டும் தம்பிகளுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இழுத்தபின் பிரேக் போடும் வேகம் குறைகிறது. நன்றாக ஓட்டுவதாக உங்களுக்குத் தோன்றும், அப்படி இருக்காது.

இனி, மருந்து. கஞ்சாவிலிருந்து மருந்து உண்டு என்பது உண்மைதான். கல்கத்தாவில் வேலை பார்த்த ஓஷானசி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1839-லேயே இசிவு, மூட்டுவலி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். சித்த மருத்துவத்திலும் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு, முறைப்படி சுத்தி செய்து வைத்தியர் பார்வையில் கொடுப்பது. இன்று ஆதாரம் பலமாக இருக்கும் இடங்கள் சிலதான். கீமோ சிகிச்சையில் வரும் வாந்திக்கு, ஆய்வகத்தில் தயாரித்த டிஎச்சி மாத்திரைக்கு அமெரிக்கா 1985-ல் அனுமதி தந்தது. தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோயில் தசை இறுகிக்கொள்வதற்கு வாயில் அடிக்கும் ஸ்பிரே வெளிநாடுகளில் இருக்கிறது. போதை தராத சிபிடி என்ற பொருளைக் கொண்டு, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கான மருந்து 2018-ல் வந்தது. அது வலிப்பின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. தினம் பத்து இருபது வலிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது சின்ன விஷயம் இல்லை. நாள்பட்ட வலிக்கும் ஓரளவு பலன் உண்டு, பேசப்படும் அளவுக்கு இல்லை.

கேன்சரைக் குணப்படுத்துமா? இல்லை. ஆய்வுக்கூடத்துத் தட்டில் கேன்சர் செல்கள் சாவதை வைத்துத்தான் அந்த வீடியோக்கள் ஓடுகின்றன. தட்டில் செல்லைக் கொல்லும் பொருட்கள் ஏராளம், மனித உடம்பில் அது நிரூபிக்கப்படவில்லை. உங்கள் அம்மாவுக்கு வாந்தி என்றால் ஒன்டான்செட்ரான் இருக்கிறது. தாங்க முடியாத வலி என்றால் மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. வலி தணிப்புப் பிரிவில் தயங்காமல் கேளுங்கள். ஆன்லைனில் எண்ணெய் வாங்கி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிபிடி, வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். சில வலிப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஈரலைப் பாதிக்கும்.

அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கைச் சோதித்ததில், 1995-ல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டிஎச்சி 2014-ல் 12 சதவீதம் ஆகியிருந்தது. மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கும். பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது. தாத்தா காலத்தில் பிடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பெற்றோர் பலர் வராததற்குக் காரணம் போலீஸ் பயம். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கியவர், அடிமை நிலையிலிருந்து மீள அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக வந்து சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். வழக்கே இல்லாதவர்கள் பயப்பட ஒன்றுமில்லை, நோயாளி சொல்வதை ரகசியமாக வைப்பது எங்கள் கடமை. நேரில் வரத் தயக்கம் என்றால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, 14416 என்ற மனநல எண்ணுக்கோ பேசலாம், இரண்டும் இலவசம்.

பையனைக் கூட்டி வரும்போது "ஊசி போட, ரத்தம் டெஸ்ட் பண்ண" என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். எதற்கு என்று சொல்லியே அழைத்து வாருங்கள். அவன் விழுங்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அட்டையோடு கொண்டு வாருங்கள். எவ்வளவு நாளாக, எவ்வளவு, யாரோடு என்பதையெல்லாம் அவனிடமே தனியாகக் கேட்போம். அந்த நேரம் உங்களை வெளியே உட்காரச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா முன்னால் அவன் வாய் திறக்க மாட்டான். வணக்கம்.