வளவைத் திறந்துவிடுங்கள்

(செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, நகரத்தார் சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, நூலகர் அவர்களே, முன்வரிசையை நிறைத்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, மகளிர் கல்லூரியிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் அவர்களுக்கு இன்று நெருங்கிய உறவில் ஒரு சாந்தி, வயது நிறைவு விழா. காலையிலேயே போய் முறை செய்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் இங்கே வந்திருக்கிறார். பேரூராட்சித் தலைவர், இந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று நேற்றுச் சொன்னதை இன்றே சரிசெய்து கொடுத்தார். வரும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். செயலாளர் அண்ணன் நாற்காலி, மின்விசிறி, மோர் எல்லாவற்றுக்கும் தாமே பொறுப்பேற்றார். நூலகர் வீடு வீடாக ஏறி இறங்கி அழைத்ததால்தான் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்தச் சின்னக் கூட்டத்துக்கே எத்தனை கைகள் வடம் பிடித்திருக்கின்றன!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, மனத்துக்குப் பிடித்த படங்கள் தரும் ஆறுதலும் ஊக்கமும். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். பார்த்த படத்தையே திரும்பப் பார்ப்பதில் என்ன ஆறுதல் என்பது ஒன்று. ஒரு படமோ ஒரு பாட்டோ ஒருவர் வாழ்க்கையைத் திருப்பிவிடுவது எப்படி என்பது இரண்டு. நம் பேரப்பிள்ளைகளுக்கு எந்தப் படங்களைக் கைமாற்றிக் கொடுப்பது என்பது மூன்று.

கதை தெரியும், முடிவு தெரியும், அடுத்து யார் வந்து என்ன சொல்வார் என்பதும் தெரியும். பிறகு ஏன் பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் அவர்களைக் காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு வரச் சொல்வேன். சா. கணேசன் ஐயா 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். இராமன் மிதிலைக்குப் போவான், வில் ஒடியும் என்று தெரியாதவர் யாராவது அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்களா? தெரிந்துதான் போகிறோம். வில் ஒடியும் இடம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், நாமும் நிமிர்ந்து உட்காருவோம். அடுத்து என்ன ஆகுமோ என்ற பயம் வாழ்க்கையில் எந்நேரமும் இருக்கிறது. பிடித்த படத்துக்குள் அந்தப் பயம் கிடையாது. நோயில் கிடந்தவர்களையும், பிள்ளையைப் பிரிந்தவர்களையும், கடையை மூடிவிட்டு வந்தவர்களையும் பழைய படம் பிடித்து நிறுத்துவது இதனால்தான் என்று நம்புகிறேன்.

ஆனால் இதில் பாதிதான் படத்தின் வேலை. மீதிப் பாதி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை. அதற்கு ஓர் ஆச்சியின் கதையைச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயரையும் ஊரையும் மட்டும் கேட்காதீர்கள்.

எண்பதைத் தாண்டியவர். இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடு. மூத்த மகன் சிங்கப்பூர், இளையவர் அமெரிக்கா. வீட்டுக்காரர் செட்டியார் காலமானபோது எல்லோரும் வந்தார்கள், கேதம் முடிந்தது, விமானத்துக்கு நாளாகிவிட்டது என்று கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன, வியாபாரத்துக்குப் போன பரம்பரை நாம், பிழைப்பு அங்கே இருக்கிறது. ஆனால் அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் விளக்கு எரிந்தது. ஆச்சி சாப்பாட்டைக் குறைத்தார், பிறகு பேச்சையும் குறைத்தார். மகன்கள் போனில் கூப்பிட்டால் “நல்லாருக்கேன், வச்சுரு” என்பதோடு சரி.

உதவிக்கு வருகிற பெண் ஒருநாள், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே செல்போனில் படம் பார்த்திருக்கிறாள். ‘தில்லானா மோகனாம்பாள்’. ஜில் ஜில் ரமாமணி வருகிற இடம். உள்ளே படுத்திருந்த ஆச்சி குரல் கொடுத்தார்.

“ஏத்தா, யாரு அது பேசுறது? நம்ம பாப்பாவா?”

“பாப்பா இல்ல ஆச்சி, மனோரமா.”

“அதத்தாண்டி சொல்றேன். பள்ளத்தூர் பாப்பா. நான் பாவாடை கட்டித் திரிஞ்சப்பவே அவ நாடகம் பாத்துருக்கேன். நகர்ந்து உக்காரு.”

எழுந்து வந்துவிட்டார்! (கைதட்டல்.) அன்றைக்குப் படம் முழுவதும் ஓடியது, கீரை அப்படியே கிடந்தது. மறுநாள் ஆச்சியே “அதப் போடு” என்றார். அதற்கு மறுநாள் எதிர்வீட்டு ஆச்சியும் வந்து உட்கார்ந்தார். மூன்று தலைகள் ஒரு செல்போனுக்குள் எப்படி நுழையும்? சிங்கப்பூர்ப் பேரனுக்குச் செய்தி போனது, அவன் ஒரு சின்னப் புரொஜெக்டர் வாங்கி அனுப்பினான். திரை வேண்டுமே? செட்டியாரின் எட்டு முழ வேட்டி பீரோவில் மடித்து வைத்தபடி இருந்தது. அதை எடுப்பதா என்று அந்தப் பெண் தயங்கி நின்றாள். ஆச்சிதான் எடுத்துக் கொடுத்தார். “அவுகளும் பாத்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு தேக்குத் தூணுக்கு நடுவே தாமே நின்று கட்டச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை தெருவே வந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய் விரித்து, முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டு, வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் இடைப்பலகாரம். படம் ஓடுகிறது. நாதசுவரத்துக்கும் சலங்கைக்கும் போட்டி முற்றுகிற இடம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. கரண்ட் போய்விட்டது.

எல்லோரும் “அடடா” என்றார்கள். எழுந்து போகப் பார்த்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஆச்சியின் குரல்: “யாரும் எந்திரிக்கப்படாது. மிச்சத்த நான் சொல்றேன்.”

சொன்னார். நாதசுவரக்காரர் சண்முகசுந்தரமாக அவரே கோபித்தார், ஆடுகிற மோகனாவாக அவரே கண்கலங்கினார், மோகனாவின் தாய் வடிவாம்பாளாக அவரே அதட்டினார். நாதசுவரத்தை வாயாலேயே வாசித்தார்; எதிர்வீட்டு ஆச்சி பாத்திரத்தைக் கவிழ்த்துத் தவில் தட்டினார். ஜில் ஜில் ரமாமணி வந்தபோது சிரித்த சிரிப்பு தெருக்கோடிக் கோயில் வரை கேட்டதாம். பாதியில் கரண்ட் வந்தது. வேட்டியில் படம் ஓடத் தொடங்கியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. “அத நிறுத்துத்தா, ஆச்சி முடிக்கட்டும்” என்று கூட்டம் சொன்னது! (பலத்த கைதட்டல்.) அன்று இரவு ஆச்சி பணியாரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது அவள் கண்ணும் கலங்கியது, என் கண்ணும் கலங்கியது. எந்த மருந்தும் கொடுக்காத பசி அது.

அந்தப் படத்திலேயே நம் மண் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கதையை எழுதியவர், பக்கத்துக் கொத்தமங்கலத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட சுப்பு. மன்னார்குடியில் பிறந்து, தாயோடு இந்தப் பள்ளத்தூருக்கு வந்து, வறுமையில் வளர்ந்து, நாடகமேடை ஏறியவர் மனோரமா. 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அதன் தயாரிப்பாளர், சிறுகூடல்பட்டி தந்த கவியரசர் கண்ணதாசன். கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். நீங்கள் நடக்கிற தெருவில் நடந்த பெண்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

ஊக்கம் என்ற இரண்டாவது செய்திக்கு இதுவே போதும். இருந்தாலும் வாலியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாய்ப்புத் தேடி அலைந்து சலித்து, சென்னையே வேண்டாம் என்று ஊர் திரும்ப முடிவு செய்திருந்தார் அவர். அந்த நேரத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் வந்து, தாம் புதிதாகப் பாடியிருந்த பாட்டைப் பாடிக் காட்டினார். ‘சுமைதாங்கி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய ‘மயக்கமா கலக்கமா’. வாலி பயணத்தை நிறுத்தினார். பின்னாளில் கண்ணதாசனுக்கே போட்டியாக வந்து நின்ற கவிஞரைச் சென்னையில் இருத்தி வைத்தது கண்ணதாசன் பாட்டு! இதைவிட ஒரு கவிஞனுக்கு என்ன பெருமை வேண்டும்?

ஏவி.எம். ஸ்டூடியோவின் மெய்யப்பச் செட்டியாரையும் நினைத்துக்கொள்கிறேன். காரைக்குடியில் பிறந்தவர். பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தா என்ற இடத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். அங்கே உருவான ‘நாம் இருவர்’ 1947 பொங்கல் சமயத்தில் வந்தது. நாடு விடுதலை பெற இன்னும் மாதங்கள் இருந்தன. விடுதலை வந்தேவிட்டது என்று ஆடிப் பாடும் பாரதி பாட்டை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, கொட்டகை கொட்டகையாக ஜனங்கள் கேட்டார்கள். கீற்றுக்கொட்டகைக்குள்ளிருந்து எழுந்த குரல் அது.

மூன்றாவது செய்தியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். சில காலமாகப் போகிற இடமெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றும் கேட்கிறேன். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், கண்டனூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் பூட்டிய வீடுகள். நோன்புக்கோ முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கோ திறந்து, கூட்டிப் பெருக்கி, மறுபடி பூட்டுகிறோம். ஆயிரம் பேருக்கு இலை போட்ட வளவில் வௌவால் தொங்குகிறது. அதே தெருவில் நாலு வீடு தள்ளி, பேச ஆளில்லாமல் பெரியவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரே ஒரு மாலை, ஒரு வீட்டு வளவைத் திறந்துவிடுங்கள். ஒரு பழைய படம் போடுவோம். எந்த ஆச்சி பிரியப்படுகிறாரோ அவர் சொல்கிற படம். கட்டணம் கிடையாது, எந்தச் சமூகத்தவரும் வரலாம். வேலைக்கு வருகிற பெண்ணும் ஆச்சிக்குப் பக்கத்திலேயே பாயில் உட்காரலாம். இந்தக் கடைசி வார்த்தையை நான் அழுத்திச் சொல்கிறேன். இது இல்லாமல் அந்தத் திட்டம் வேண்டியதில்லை.

சட்டம் இடம் கொடுக்குமா என்று செயலாளர் அண்ணன் கேட்டார், சரியான கேள்வி. நம் நாட்டில் திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. ‘நாம் இருவர்’, ‘மாலையிட்ட மங்கை’, ‘சுமைதாங்கி’ மூன்றும் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ இன்னும் தாண்டவில்லை. பாட்டு, கதை ஆகியவற்றின் உரிமை தனிக் கணக்கு. ஆகவே எந்தப் படமானாலும் உரியவர்களுக்கு எழுதிக் கேட்டு, அனுமதி வந்த பிறகே போடுவோம். ஒளிந்து செய்ய இது தப்புக் காரியம் இல்லை.

வீடு பங்காளிகள் பலருக்குப் பொது, யாரிடம் சாவி கேட்பது என்பார்கள். எல்லோரிடமும் கேட்போம். காரைக்குடிக் கொப்புடையம்மன் தேரை ஒருவர் இழுத்தா நகர்த்துகிறோம்? ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவரும் வடம் பிடிக்கலாம். ஒரு கடிதம் போதும், ஒரு போன் போதும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து மாணவிகளின் பாட்டு இருக்கிறது. ஒரே ஒரு விவரம். நூலகர் மேசையில் நோட்டு இருக்கிறது. வீடு தருபவர்கள் முதல் பக்கத்தில் எழுதுங்கள். புரொஜெக்டர், பாய், நாற்காலி தருபவர்கள் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். நடக்க முடியாத பெரியவர்களை அழைத்து வர ஆட்டோ வைத்திருக்கும் தம்பிகள் மூன்றாவது பக்கத்தில் எழுதுங்கள். பேரூராட்சித் தலைவர் அவர்கள் அன்று மாலை மின்தடை இல்லாமல் பார்த்துக்கொள்ள மின்வாரியத்தில் சொல்வதாக மேடையிலேயே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் வீடு எது, முதல் படம் எது என்பதை வருகிற ஞாயிறு காலை நூலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்வோம். ஆச்சிமார்கள் அவசியம் வாருங்கள், படத்தைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். வணக்கம்.