குதிக்காம ஆடலாம்: செகா தாளத்துல ஏரோபிக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். "ஏரோபிக்ஸ்னா குதிக்கணும், குதிச்சா முட்டி போயிடும்"னு ஒதுங்கி நிக்கிற அம்மாமாருக்காகத்தான் இன்னிக்கு வீடியோ. குதிக்கவே வேணாம். நம்ம மொரீஷியஸோட நாட்டுப்புற ஆட்டமான செகாவையே பாருங்க. பாதம் தரையை விட்டு எழும்பாது, உரசிக்கிட்டேதான் நகரும். முட்டி லேசா மடங்கியிருக்கும், வேலை முழுக்க இடுப்புலயும் தொடையிலயும். ஒரு கால் எப்பவும் தரையில இருக்கிற ஆட்டத்தை 'லோ இம்பாக்ட்'னு சொல்றோம். அது இங்க ஏற்கெனவே ஊறிப்போன ஒண்ணு.

இந்தத் தீவுல பெரியவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்குச் சர்க்கரை நோய். அதனால அதிலேயே தொடங்குறேன். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை உள்ள இழுத்துக்கும். தொடை, பிட்டம் மாதிரி பெரிய தசைகள் எவ்வளவு வேலை செய்யுதோ, அவ்வளவு இழுக்கும். ஆடி முடிச்ச பிறகும் இன்சுலின் நல்லா வேலை செய்யும், ஆனா அந்தப் பலன் ஒண்ணு ரெண்டு நாள்தான் நிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் ஆடுறதைவிட, திங்கள், புதன், வெள்ளின்னு 50 நிமிஷம் ஆடுறது ரொம்ப மேல். நடுவுல தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல விடாதீங்க. உலக சுகாதார அமைப்பு வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் கேக்குது, அந்தக் கணக்கும் இதுல சரியா வந்துடும்.

எவ்வளவு வேகம்? 220-ல இருந்து வயசைக் கழிங்க. 55 வயசுன்னா 165. அதுல 64-லிருந்து 76 சதவீதம், அதாவது நிமிஷத்துக்கு 106-லிருந்து 125 துடிப்பு. மணிக்கட்டுல 15 வினாடி எண்ணினா 27-லிருந்து 31 வரணும். ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலோல், பைசோப்ரோலோல் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. மாத்திரை துடிப்பை ஏற விடாது, அந்த எண்ணை எட்டணும்னு வருத்திக்கிட்டா ஆபத்து. அவங்க பேச்சை வெச்சுப் பாக்கட்டும். ஆடிக்கிட்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது.

இப்போ தாளம். பயிற்சியாளர்கள் எட்டெட்டா எண்ணுவாங்க. செகா மும்மூணா போகும், காவடிச்சிந்துல கேக்கிற அதே திஸ்ர நடை. செகாவுக்கு வாசிக்கிற ராவான்ங்கிற தோல் மேளத்தோட அடியில சின்ன அடி ஒவ்வொண்ணையும் எண்ணினா கால் பின்னிக்கும். மூணு சின்ன அடிக்கு ஒரு எண்ணிக்கை வைங்க, எட்டு தானா அமைஞ்சிடும். முதல் எட்டு வலது பக்கம் உரசி நகர்றது, அடுத்த எட்டு இடது பக்கம், அப்புறம் ரெண்டு எட்டு முட்டியைத் தூக்கிக் கையை மேல கொண்டுபோறது. மொத்தம் 32. துடிப்பு ஏறலையா, குதிக்காதீங்க. அடியை அகலமா வைங்க, இன்னும் கொஞ்சம் தாழ உக்காருங்க, கையைத் தோளுக்கு மேல கொண்டுபோங்க.

புதுசா சேர்றவங்களுக்கு நிமிஷத்துக்கு 120-லிருந்து 130 எண்ணிக்கை போதும். வகுப்பு கலகலன்னு இருக்கணும்னு பாட்டை 150-க்கு மேல ஏத்துறது பெரிய தப்பு. குதிகால் தரையில படுறதுக்குள்ள அடுத்த அடி வந்துடும். முன்பாதத்துலேயே நின்னு நின்னு கெண்டைக்கால் இறுகும், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கும். அடியும் சுருங்கிடுறதால, எதிர்பார்த்த பலனும் கிடைக்காது.

பழைய செகா மணல்ல வெறுங்காலோட ஆடினது. மணல் அதிர்ச்சியை வாங்கிக்கும், சிமெண்ட் மேல போட்ட டைல்ஸ் வாங்காது. அதனால ஷூ போடுங்க. ஓட்டத்துக்குன்னு செய்த, அடியில ஆழமா வெட்டு இருக்கிற ஷூ வேணாம். அது தரையைக் கவ்விக்கும், பாதம் நிக்க உடம்பு மட்டும் திரும்ப, முட்டி முறுக்கிக்கும். அடிப்பக்கம் வழவழன்னு இருக்கிறது நல்லது. திரும்புறப்போ குதிகாலை லேசாத் தூக்கி, பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்க.

நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனா அது முன்னோக்கி மட்டுமே போகும். ஆட்டத்துல பக்கவாட்டுல, பின்னால, திரும்பின்னு எல்லாம் இருக்கு. வயசானவங்க விழாம இருக்கத் தேவையான சமநிலைக்கு அதுதான் பயிற்சி.

தொடக்கத்துல 8, 10 நிமிஷம் மெதுவா சூடேத்துங்க. முடிக்கும்போதும் சட்டுன்னு நிக்காதீங்க. கால்ல இருக்கிற ரத்தம் அங்கேயே தங்கிட்டா தலை சுத்தும். இங்க டிசம்பர், ஜனவரி கோடைப் புழுக்கத்துல இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மாதிரி சர்க்கரையை ரொம்ப இறக்கிடக்கூடிய மாத்திரையோ எடுக்கிறவங்க ஆடுறதுக்கு முன்னாடி சர்க்கரை பாருங்க. லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே, அதாவது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தா அரை கிளாஸ் பழச்சாறு குடிச்சிட்டுத் தொடங்குங்க. கை நடுங்கினா, குளிர்ந்து வேர்த்தா உடனே நிறுத்துங்க. நெஞ்சு அழுத்தினா நிறுத்தறதோட விடாம மருத்துவ உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்க.

வீட்டுக்குப் போய் சாக்ஸைக் கழட்டினதும் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்துல பாருங்க. சர்க்கரையால உணர்ச்சி குறைஞ்ச கால்ல கொப்புளம் வந்தா வலிக்காது. வலிக்கலைன்னு விட்டா அதுவே புண்ணாயிடும்.