மலையூரில் ஓய்வுக்காலம்: யாருக்காகப் பார்க்கும் வீடு?

நேயர்களுக்கு வணக்கம்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் சென்னையில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலருடைய வீட்டில் ஒரு பேச்சு எழும். பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். ஓய்வூதியம் வருகிறது, வைப்புத்தொகையும் கொஞ்சம் இருக்கிறது. இனியும் எதற்காக இந்தப் புழுக்கத்தில் கிடந்து வேக வேண்டும், குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஒரு சிறிய வீடாகப் பார்த்துக்கொண்டு போய்விட்டால் என்ன என்பதுதான் அந்தப் பேச்சு. ஆசை நியாயமானதே. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது என்பது இயற்கையின் கணக்கு. நாம் நாற்பது டிகிரியில் வாடும் நாளில் உதகையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார முடிகிறது என்பதும் உண்மை.

வங்கியில் வீட்டுக்கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் பணியில் நான் பல ஆண்டுகள் இருந்தவள். அதில் ஒரு பகுதி மலையூர்க் கிளைகளில் கழிந்தது. வீடு வாங்க வந்தவர்களையும், அதே வீட்டை விற்க வழி தேடி வந்தவர்களையும் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து, இருவருக்கும் கைகால் நன்றாக இருக்கும் நாளை மனத்தில் வைத்தே எல்லோரும் ஊர் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு காலத்தில் ஒருவர் மட்டும் இருக்கப் போகிறார். அவர் பெரும்பாலும் மனைவி. பெரும்பாலும் கார் ஓட்டத் தெரியாதவர். ஊரை அவருக்காகப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஊர்களின் வரிசையே மாறிவிடுகிறது. எங்கள் கிளையின் வாடிக்கையாளராக இருந்த ஒரு மூதாட்டியின் வீடு சாலையிலிருந்து நாற்பது, ஐம்பது படி கீழே, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி இருந்தது. விளம்பரப் படத்துக்கு ஏற்ற வீடு. கணவர் இருந்தவரை அவர் காரை எடுத்துக் கடைக்குப் போய் வந்தார். அவர் காலமான பிறகு கார் உறை போர்த்தி நின்றது. எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவர் மேலே சாலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, படியிறங்கிக் கொண்டுவரத் தனியே கூலி கேட்பார். அவர் வராத நாளில் அந்த அம்மாள் தேயிலை பறிக்கப் போகும் யாரையாவது கூப்பிட்டு உருட்டிவரச் சொல்ல வேண்டும். "வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்லம்மா, வெளிய போகணும்னாதான் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கு" என்றார். வீட்டை விற்கவும் எளிதில் முடியவில்லை. வாங்குபவர்கள் மே மாதத்தில் வந்து பார்த்துவிட்டு, ஜூன் மழை பிடித்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே, சன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று கேட்பதற்கு முன்பாக, வாசலிலிருந்து பால் வாங்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் எத்தனை படி, எவ்வளவு ஏற்றம் என்று கேளுங்கள். சமவெளியில் வளர்ந்த நமக்கு அரைக் கிலோமீட்டர் என்றால் அரைக் கிலோமீட்டர்தான். மலையில் அது போகும்போது ஐந்து நிமிடம், காய்கறிப் பையோடு திரும்பும்போது இருபது நிமிடம், முழங்கால் தேய்ந்தவருக்கு அதற்கும் மேல். குன்னூரில் கடைவீதியும் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் கீழே இருக்க, அமைதியான குடியிருப்புகள் மேல் குன்னூரில் இருக்கின்றன. வெலிங்டன் படைத்துறைக் கல்லூரியையொட்டி ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகள் பலர் அங்கே நிறைவாக வாழ்கிறார்கள் என்பது தெரிந்ததே. அவர்களுக்கென்று மருத்துவ வசதியும் பழகிய சமூகமும் அங்கே உண்டு. அந்தப் பின்னணி இல்லாத ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டு மட்டும் அங்கே வீடு வாங்கிவிடக் கூடாது.

அடுத்து உடம்பு. உதகை 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே அதிகம். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைகிறது. நல்ல நுரையீரல் உள்ளவர் சில நாளில் பழகிவிடுவார். நாள்பட்ட மூச்சுக்குழல் நோயோ இதயத் தளர்ச்சியோ உள்ளவருக்கு அது தீராத சுமை. குளிரில் இரத்த நாளங்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தமும் கூடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையின் தாழ்வான இடங்களில் விடியற்காலை புல்வெளி முழுவதும் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் படம்பிடிக்கச் சென்னையிலிருந்து கூட்டம் போகிறது. எழுபத்தைந்து வயதில் அந்தக் குளிரில் குளியலறைக்கு எழுந்து போவது வேறு விஷயம். என் தனிப்பட்ட கருத்து, அறுபதைக் கடந்தவர்கள் 1,000 முதல் 1,900 மீட்டர் வரை உள்ள ஊர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏலகிரி, ஏற்காடு, கோத்தகிரி, குன்னூர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால், எந்த ஊராயினும் மருத்துவரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது நகரத்துப் பழக்கம். பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்குப் பொதுவாக உள்ள அவகாசம் நாலரை மணி நேரம். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர வேண்டும், கீழே இறங்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ மதுரைக்கோ போக இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். கோடை விடுமுறையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் இன்னும் ஆகும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. நீலகிரியில் நிலைமை அண்மையில் மாறியிருக்கிறது: உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளுடன் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு எதற்கெடுத்தாலும் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும் என்றிருந்த கோத்தகிரி, குன்னூர்வாசிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

மலையூர்க்காரர்கள் "கீழே போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். கீழே என்றால் மேட்டுப்பாளையம், சேலம், வத்தலக்குண்டு என்று பொருள். அந்தக் கீழே போகும் வழி எத்தனை என்பதை எண்ணிப் பாருங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவுகளில் இறந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மலை ரயிலை நம்பிப் பயணத்திட்டம் போடாதீர்கள். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வந்த அந்த ரயில், உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையெல்லாம் இருந்தும், வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் மண்ணும் பாறையும் விழுந்து அடிக்கடி நின்றுவிடும்.

வீட்டைப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் தரகர்கள் அதைக் காட்டமாட்டார்கள். வீட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். மலையைச் செங்குத்தாக வெட்டிச் சமதளமாக்கிக் கட்டியிருக்கிறார்களா? வெட்டிய மண்ணைத் தாங்கத் தடுப்புச் சுவர் இருக்கிறதா? இருந்தால், உள்ளே தேங்கும் நீர் வடியச் சுவரில் வரிசையாகத் துளைகள் விட்டிருக்கிறார்களா? துளையே இல்லாத வழவழப்பான சிமென்ட் சுவர் பார்வைக்கு அழகாக இருக்கும். மழைநீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளுவதும் அங்கேதான். சுவர் வயிறு புடைத்தாற்போல் வெளியே தள்ளியிருந்தாலும், குறுக்கே விரிசல் ஓடியிருந்தாலும், மேலே உள்ள மின்கம்பமோ மரங்களோ ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்த வீட்டை மறந்துவிடுங்கள். வெட்டிய மண்ணை ஓரத்தில் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின்மேல் கட்டிய வீடு இன்னும் மோசம். பக்கத்தில் ஓடை இருந்து மூடப்பட்டதா என்று அந்தத் தெருவில் நெடுநாள் இருப்பவரைக் கேளுங்கள்.

பத்திரத்திலும் மலை நிலம் தனி வகை. தமிழக அரசு 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட கிராமங்களில் வீட்டுமனையாக்கவும் கட்டவும் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் தேவைப்படும். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் நிலமானால், அதற்குரிய குழுவின் அனுமதியின்றி விற்கவே முடியாது. கூடலூர்ப் பக்கம் ஜென்மிகள் எனப்படும் பழைய நிலவுடைமையாளர்களின் நிலம் பற்றிய வழக்குகள் பல தலைமுறையாக நடக்கின்றன. நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடம் பற்றிய அரசாணையை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, அங்கே விடுதி கட்டியவர்கள் பெரும் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். அரசு நிபந்தனையோடு வழங்கிய நிபந்தனைப் பட்டா நிலம், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் போன்றவற்றை "விலை மலிவு" என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. மூலப் பத்திரம் தொடங்கி எல்லாவற்றையும் உள்ளூர் நிலச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சென்னை வழக்கறிஞர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் இதற்குப் போதமாட்டார்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். மழை கொட்டும் ஊரில் குடிநீருக்கு என்ன பஞ்சம் என்று நினைக்கத் தோன்றும். சரிவில் பெய்யும் மழை சரிந்து ஓடிவிடுகிறது. ரேலியா அணையை நம்பியிருக்கும் குன்னூரில் கோடையில் குழாயில் தண்ணீர் வரும் நாள்களுக்கு நடுவே இடைவெளி நீள்வதும், மக்கள் லாரித் தண்ணீர் வாங்குவதும் பழகிப்போன செய்தி. நம் சென்னையை விட்டு லாரித் தண்ணீருக்குப் பயந்து ஓடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விலங்குகள் விஷயத்தைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் காட்டெருமை தெருவில் நிற்பது விந்தையல்ல. கோத்தகிரிப் பக்கம் கரடி இரவில் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அடிக்கடி நாளிதழில் வருகிறது. உள்ளூர் மக்கள் இருட்டிய பிறகு தனியே நடப்பதில்லை, குப்பையை வெளியே வைப்பதில்லை. அந்தப் பழக்கம் நமக்கும் வந்துவிடும். ஆனால் மாலை ஆறரைக்கு மேல் வெளியே காலெடுத்து வைக்காத வாழ்க்கை, கபாலீசுவரர் கோயிலுக்கும் மெரினாவுக்கும் மாலையில் நடந்து பழகியவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் கோத்தகிரியை முதலில் சொல்வேன். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர் கொண்ட ஊர். வங்கியும் சந்தையும் மருந்துக் கடையும் உண்டு. மேற்கே தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்குப் பருவமழையின் முழு வேகம் அங்கே விழுவதில்லை. சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 33 கிலோமீட்டர், குன்னூரைத் தொடாமலே ஏறிவிடலாம். பிள்ளைகள் சென்னையிலேயே இருந்து, அவர்கள் அடிக்கடி வந்து போக வேண்டுமென்றால் ஏற்காடு. ஏலகிரி இன்னும் பக்கம். ஜோலார்பேட்டையில் இறங்கினால் போதும். வழியிலுள்ள பதினான்கு வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது கூடுதல் இன்பம். ஆனால் வெயில் காலத்தில் பகலில் அங்கே வெயில் உறைக்கும். குளிரைத் தேடிப் போகிறவருக்கு அது ஏமாற்றம் தரலாம். உதகையையும் கொடைக்கானலையும் விருந்தினராகப் போய் ரசிப்பதே மேல். 2024 மே மாதத்திலிருந்து அவ்விரு இடங்களுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்குக் கூட்டம் வரும் ஊரில், அமைதி தேடிக் குடியேறுவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

எந்த ஊரானாலும் முதல் ஆண்டு வாடகைக்கே இருங்கள். சென்னை வீட்டை அதற்குள் விற்றுவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஏப்ரல், மே மாதங்களும் உண்டா என்று பாருங்கள், ஏனெனில் அந்த இரண்டு மாதமும் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் நினைக்கலாம். அலமாரியிலுள்ள பட்டுப்புடவையிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடிப்பதையும், துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் கிடப்பதையும், மின்சாரம் போன இரவையும் அந்த ஓராண்டில் பார்த்துவிடுங்கள். அந்த ஆண்டில் ஒருமுறை, நவம்பர் மழையில், கணவர் ஒரு வாரம் சென்னைக்கு வந்துவிடட்டும். மனைவி தனியாக மளிகை வாங்கட்டும், வங்கிக்குப் போகட்டும், சிலிண்டருக்குச் சொல்லட்டும், இரவு பத்து மணிக்கு ஒரு டாக்சிக்குத் தொலைபேசியில் பேசி அது வருகிறதா என்று பார்க்கட்டும். அடுத்த மாதம் கணவர் அதேபோல் ஒரு வாரம் தனியே இருந்து, சமைத்துச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். இருவரும் "சரி" என்றால் மட்டும் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள்.

நன்றி. வணக்கம்.