மாத்திரையை மறுத்தவரும் கணக்குப் பார்ப்பவர்களும்

[திரையில்: ஒரு உள்ளங்கை, அதில் சில மாத்திரைகள். கை மெல்ல மூடுகிறது.]

தென்னாப்பிரிக்காவில் ஸாக்கி அக்மத் என்று ஒரு போராளி. உடம்பில் எச்.ஐ.வி. இருந்தது. நோயை அடக்கி வைக்கும் மருந்து உலகத்தில் இருந்தது, அதை வாங்கிக்கொள்ள அவருக்கு வழியும் இருந்தது. ஆனால் அவர் மறுத்துவிட்டார். சாதாரண மக்களுக்கு அரசு மருத்துவமனையில் இந்த மருந்து கிடைக்கிற வரைக்கும் தானும் சாப்பிடப்போவதில்லை என்று உறுதி எடுத்தார். 2002இல் நெல்சன் மண்டேலாவே அவர் வீடு தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். அப்போதும் அக்மத் இறங்கிவரவில்லை.

கணக்குப் பார்த்தால் இது வெறும் நஷ்டம். ஒருவர் உயிர் ஆபத்தில் நிற்கிறது, அவர் விட்டுக்கொடுத்த மாத்திரையால் இன்னொருவர் பிழைத்ததாகவும் இல்லை. ஆனாலும் அவர் செய்ததை வீண் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் என்று, உதவியைக் கணக்குப் போட்டு அளப்பவர்களையும் சமூக நீதி கேட்பவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

[திரையில்: ஒரு குளம். கரையில் ஒரு ஜோடி செருப்பு.]

முதலில், கணக்குப் பார்ப்பவர்கள் யார்? 1972இல் பீட்டர் சிங்கர் என்ற தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் கிழக்கு வங்காளத்தில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், போர் நடந்து, பல லட்சம் பேர் அகதிகளாக வெளியேறியிருந்தார்கள். அவர் கேட்டது இதுதான். குளத்தில் ஒரு குழந்தை மூழ்குவதைப் பார்த்தால், துணி பாழாகுமே என்று யாராவது நிற்பார்களா? மாட்டார்கள். அப்படியென்றால், பல ஆயிரம் மைல் தள்ளிச் சாகிற குழந்தைக்கு மட்டும் ஏன் நிற்கிறோம்?

அந்தக் கேள்வியில் முளைத்ததுதான் 'எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்'. தமிழில், பயனறிந்து உதவுதல் என்று வைத்துக்கொள்வோம். 2007இல் அமெரிக்காவில் கிவ்வெல் என்ற அமைப்பு தொடங்கியது. தொண்டு நிறுவனங்களை அலசி, கொடுக்கிற பணம் எங்கே அதிகம் உயிர் காக்கும் என்று சொல்வது அதன் வேலை. 2009இல் டோபி ஓர்டும் வில்லியம் மெக்காஸ்கிலும் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். சேருகிறவர்கள் வாழ்நாள் முழுவதும் வருமானத்தில் 10 சதவீதத்தைக் கொடுப்பதாக உறுதி எடுத்தார்கள்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்களே, அதை எண்களை வைத்துச் செய்கிறார்கள். மலேரியாவில் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேர் சாகிறார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், 5 வயது நிரம்பாத குழந்தைகள். மருந்து தோய்த்த கொசுவலை ஒன்று சில டாலர்தான். கிவ்வெல் கணக்குப்படி, வலை கொடுத்து ஒரு உயிரைக் காப்பாற்றச் சில ஆயிரம் டாலர் ஆகும்.

இதை ஈரமில்லாத கணக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த நாட்டில் பிறந்த குழந்தையானாலும் ஒரே எடை என்கிறது இந்தக் கணக்கு. சமூக நீதி பேசுகிற நம்மில் பலருடைய சமத்துவம் நாட்டின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. அந்த விஷயத்தில் இவர்கள் நம்மை விட ஒரு படி முன்னால் நிற்கிறார்கள்.

சரி, பிறகு இவர்களுக்கும் சமூக நீதிக்கும் எங்கேதான் உரசல்?

[திரையில்: 10,000 டாலர் என்று எழுதிய ஒரு மருந்துப் புட்டி.]

அக்மத்திடமே திரும்புவோம். 2000ஆம் ஆண்டு வாக்கில், எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் ஆனது. அப்போது மருத்துவப் பொருளாதாரம் பேசியவர்களில் பலர், ஏழை நாடுகளில் சிகிச்சைக்குச் செலவழிக்காதீர்கள், அதே பணத்தில் தடுப்பு வேலை செய்தால் பல மடங்கு உயிர்களைக் காக்கலாம் என்றார்கள். எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் என்ற பெயர் அன்று பிறக்கவே இல்லை. ஆனால் போட்ட கணக்கு அதே பாணிதான். கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த 10,000 எங்கிருந்து வந்தது? மருந்தைத் தயாரிக்க அவ்வளவு செலவாகவில்லை. கண்டுபிடித்த நிறுவனம் மட்டுமே விற்கலாம் என்ற காப்புரிமையால் வந்த விலை அது. சட்டம் எழுதி வைத்த விலை.

1998இல் அக்மத்தும் தோழர்களும் 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மலிவான மருந்துக்கு வழிவிடும் சட்டம் ஒன்றை அதற்கு முந்தைய வருடமே தென்னாப்பிரிக்கா கொண்டுவந்திருந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயின, மொத்தம் 39. தெருவில் ஊர்வலம், நீதிமன்றத்தில் வாதம், உலகம் முழுக்கக் கண்டனம். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஏப்ரலில் அந்த நிறுவனங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. பின்னாளில் விலை 100 டாலருக்கும் கீழே போனது. இன்று உலகில் 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த மருந்தில் உயிரோடு இருக்கிறார்கள்.

'இருக்கிற பணத்தில் அதிகம் செய்வது எப்படி?' என்று மட்டும் கேட்டிருந்தால், 10,000 என்பது மலை மாதிரி அசையாமல் நின்றிருக்கும். அந்த எண்ணை யார் வைத்தார்கள், யார் அதை மாற்ற முடியும் என்று கேட்டது சமூக நீதியின் பக்கம். அக்மத் மாத்திரையை மறுத்ததன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. பணம் இருப்பவர் பிழைப்பார், இல்லாதவர் சாவார் என்ற ஏற்பாட்டில் தனக்கு மட்டும் ஒரு இடம் வேண்டாம் என்றார். உதவி கேட்டு யாரிடமும் கை நீட்டவில்லை. உரிமையைக் கேட்டார்.

போராட்டம் ஜெயிக்குமா என்று முன்கூட்டியே எண்ணில் சொல்ல முடியாது என்பது உண்மை. அதனாலேயே கணக்குப் பார்ப்பவர்கள் வலை, தடுப்பூசி என்று அளக்கக்கூடிய பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். பணம் எப்படி வந்தது என்று கேட்காத பழக்கமும் சேர்ந்துகொண்டது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். கிரிப்டோ நிறுவனம் சரிந்தபோது, அதன் நிறுவனரும் இந்த இயக்கத்தின் பெரிய புரவலருமான சாம் பேங்க்மேன்-ஃப்ரைட் வாடிக்கையாளர் பணத்தைக் கையாடியது வெளியே வந்தது. 25 வருடச் சிறைத் தண்டனை. ஒரு பக்கம் பறித்து மறுபக்கம் கொடுப்பதை ஈகை என்று சொல்ல முடியாது.

[திரையில்: வீட்டுச் சுவர், உதிர்ந்த பெயிண்ட் சில்லுகள்.]

அதற்காக இரண்டும் எதிரெதிர் என்று நினைக்க வேண்டாம். பெயிண்டில் இருக்கும் ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். பணக்கார நாடுகள் அதை எப்போதோ கட்டுப்படுத்திவிட்டன. 2020இல் இந்த இயக்கத்துக்குள்ளிருந்தே லீப் என்ற சிறிய அமைப்பு பிறந்தது. மலாவியில் கடைப் பெயிண்டுகளை வாங்கிச் சோதித்து, முடிவுகளை எடுத்துக்கொண்டு அரசிடம் போனது. எங்கே போராடினால் பலன் அதிகம் என்று கணக்குப் போட்டவர்கள், ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதியை அமல்படுத்த வைக்கும் வேலையில் இறங்கினார்கள். இப்படி இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

எனக்கு இன்னும் உறுத்துவது, யார் தீர்மானிப்பது என்பது. ஒரு குழந்தையின் உயிருக்கு எவ்வளவு எடை, ஒரு குடும்பத்தின் வருமானம் இரட்டிப்பானால் அதற்கு எவ்வளவு எடை என்று கிவ்வெல் எண்களை வைத்திருந்தது. பிறகு அதன் ஆதரவில், கானாவிலும் கென்யாவிலும் ஏழைக் குடும்பங்களிடமே போய் இதைக் கேட்டார்கள். சிறு குழந்தைகளின் உயிருக்கு அவர்கள் சொன்ன எடை, கிவ்வெல் வைத்திருந்ததை விட அதிகமாக இருந்தது. கேட்டது நல்ல விஷயம்தான். ஆனால் கேள்வித்தாளுக்குப் பதில் சொல்வது வேறு, பணம் எங்கே போக வேண்டும் என்று கூடிப் பேசும் இடத்தில் உட்காருவது வேறு.

அக்மத் பிறகு என்ன ஆனார்?

[திரையில்: மூடிய கை மீண்டும் திறக்கிறது.]

2003 ஆகஸ்டில் அவருடைய அமைப்பின் மாநாடு கூடியது. இதே நோயோடு போராடிக்கொண்டிருந்த பலர் அதில் இருந்தார்கள். அவர் மருந்து சாப்பிடத் தொடங்க வேண்டும் என்று அவர்கள் வாக்கெடுத்துக் கேட்டுக்கொண்டார்கள். மண்டேலா கேட்டும் அசையாதவர், அவர்கள் கேட்டதும் சரி என்றார்.