வெள்ளிமலையிலிருந்து உப்புவெளி வரை: பொலிவியா என்றொரு நாடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பொலிவியா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சே குவேராதான். 1967 அக்டோபர் 9ஆம் தேதி, லா இகேரா என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலும் அந்தச் செய்தியோடு பொலிவியாவைப் பற்றிய நம் அறிவும் நின்றுவிடுகிறது. அந்த நாட்டின் மண்ணுக்கடியில் என்ன இருந்தது, அதைத் தோண்டிச் சுமந்தவர்கள் யார், அது எங்கே போயிற்று? இன்று என் பேச்சு இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான்.

முதலில் வரைபடம். தென் அமெரிக்காவின் நடுவயிற்றில், பிரேசில், பராகுவே, அர்ஜென்டினா, சிலி, பெரு என்று ஐந்து நாடுகள் சூழ்ந்து நிற்க, கடலைத் தொடாமல் இருக்கிறது பொலிவியா. பரப்பளவு ஏறத்தாழ 11 லட்சம் சதுர கிலோமீட்டர். 2024 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1 கோடியே 13 லட்சம்தான். அத்தனை பெரிய நிலத்தில் இவ்வளவு குறைந்த மக்கள்.

மேற்கே ஆண்டீஸ் மலை இரண்டு தொடர்களாகப் பிரிகிறது. அவற்றுக்கு இடையே சுமார் 3,600 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது ஆல்த்திப்பிளானோ என்னும் மேட்டுச் சமவெளி. மரம் அரிது. பகலில் வெயில் தோலைச் சுடும், இரவில் உறைபனி விழும். அரசு இயங்கும் லா பாஸ் நகரம் 3,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன் விளிம்பில் வளர்ந்த எல் ஆல்த்தோ 4,000 மீட்டரைத் தாண்டியும், மக்கள்தொகையில் லா பாஸையே மிஞ்சியும் நிற்கிறது. இரண்டையும் 2014 முதல் கம்பிவடப் பெட்டிகள் இணைக்கின்றன. நம் ஊர்களில் சுற்றுலாவுக்கு ஏறும் வண்டி, அங்கே வேலைக்குப் போகிறவர்களின் அன்றாட வாகனம்.

சமவெளியின் வடக்கே, 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாகா ஏரி. பாதி பெருவுக்கு, பாதி பொலிவியாவுக்கு. அதன் உபரிநீர் தெசாகுவாதேரோ ஆறு வழியாகத் தெற்கே ஓடி போப்போ ஏரியில் சேரும். சேரும் என்று சொல்கிறேன், ஆனால் 2015 டிசம்பரில் அந்த ஏரி வற்றிப்போனது. நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி அது. வெப்பம் கூடியது, மழை பொய்த்தது, ஆற்றுநீரைப் பாசனத்துக்கும் சுரங்கங்களுக்கும் திருப்பிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்த 'ஊரு' என்னும் பழங்குடி மக்களின் படகுகள் காய்ந்த சேற்றில் கிடந்தன. லா பாஸுக்கு அருகே சக்கல்தாயா பனியாறும் 2009இல் முற்றாக மறைந்துவிட்டது.

ஆனால் மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக்கும் மேல் பார்க்காமல் திரும்பியதாகும். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு கிழக்கே தாழ்நிலம். வடக்கில் அமேசான் காடு, பேனியின் புல்வெளிகள், தெற்கில் முள்காடான சாக்கோ. நாட்டின் மிகப் பெரிய நகரமான சாந்தா குரூஸ் அங்கேதான் இருக்கிறது. சோயாவும் மாடுகளும் அந்தப் பக்கத்துச் செல்வம். நிலம் திருத்த வைக்கும் தீ காட்டுக்குள் பரவி, 2024இல் மட்டும் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது மனிதர்களிடம் வருவோம். டிட்டிகாகாவின் தென்கரைக்கு அருகே தியவானாக்கு என்ற நகரம் கி.பி. 500 முதல் 1000 வரை செழித்திருந்தது. ஒற்றைக் கல்லில் குடைந்த சூரிய வாசல் இன்றும் நிற்கிறது. அந்தக் கட்டடங்களைவிட என்னை வியக்க வைப்பது உழவுதான். உறைபனி விழும் அந்த உயரத்தில், வயலை மேடாக்கிச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்கள். பகலில் வெயிலை வாங்கிச் சூடேறிய வாய்க்கால் நீர், இரவில் அந்தச் சூட்டை விட்டுப் பயிரைப் பனியிலிருந்து காத்தது. உலகமே உண்ணும் உருளைக்கிழங்கு இந்த ஏரியைச் சுற்றிய மலைநிலத்தில்தான் பயிராக்கப்பட்டது.

அதை அவர்கள் பதப்படுத்தும் முறையைக் கொஞ்சம் கேளுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்கை வெட்டவெளியில் பரப்பி வைப்பார்கள். இரவுப் பனியில் அது உறையும். பகல் வெயிலில் இளகும்போது வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்தெடுப்பார்கள். பல நாள் இப்படிச் செய்து காயவைத்தால் கல்போல இறுகிய, ஆனால் எடை குறைந்த ஒரு பண்டம் கிடைக்கும். சுன்யோ என்று பெயர். ஆண்டுக்கணக்கில் கெடாது. நான் இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்து நான் சொல்லப்போகும் வெள்ளிச் சுரங்கத்தில் உழைத்தவர்களின் வயிற்றை நிரப்பியது இந்தச் சுன்யோதான்.

15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் இந்த மேட்டுநிலத்தை வென்றார்கள். 1530களில் ஸ்பானியர் வந்தார்கள். 1545இல் பொத்தோசி. தியேகோ உவால்ப்பா என்ற உள்ளூர்க்காரர், தொலைந்த லாமாவை, அதாவது ஒட்டக இனச் சுமைவிலங்கை, தேடி மலையேறிய இடத்தில் வெள்ளியைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த மலைக்கு 'சேர்ரோ ரிக்கோ' என்று பெயர் வைத்தார்கள். செல்வ மலை என்று பொருள். ஏறக்குறைய 4,800 மீட்டர் உயரமான கூம்பு. 17ஆம் நூற்றாண்டில் அதன் அடிவாரத்தில் சுமார் 1,60,000 பேர் வாழ்ந்தார்கள். அன்றைய ஐரோப்பாவின் பெருநகரங்களுக்கு நிகரான ஊர், பயிர் விளையாத உயரத்தில்!

வெள்ளி தானாக வந்துவிடவில்லை. தரமான தாது சில பத்தாண்டுகளிலேயே குறைந்துபோனது. மட்டமான தாதுவை இடித்துப் பொடியாக்கி, பாதரசத்தோடு குழைத்து வெள்ளியைப் பிரிக்கும் முறை 1570களில் வந்தது. பாதரசம் பெருவின் உவாங்காவெலிக்காவிலிருந்து வந்தது. இடிக்கும் ஆலைகளைச் சுற்ற நீர்ச்சக்கரம் வேண்டும், அதற்கு மலைமேல் செயற்கை ஏரிகளைக் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இன்காக் காலத்தில் ஊர்ப்பொது வேலைக்கு முறைவைத்து ஆள் அனுப்பும் வழக்கம் ஒன்று இருந்தது. மீத்தா என்பது அதன் பெயர். 1573இல் வைசிராய் தொலேதோ அதை எடுத்துச் சுரங்கக் கட்டாய வேலையாக மாற்றினார். குறித்த மாவட்டங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் போயாக வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர். மனைவி மக்களோடு, லாமா முதுகில் சுன்யோ மூட்டையோடு, வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். உள்ளே இருட்டு, தூசி. வெளியே ஆலையில் பாதரச ஆவி. பசியை மறக்க வாயில் கோக்கா இலை.

அந்த வெள்ளி எட்டு ரியால் நாணயமாக உருண்டது. அட்லாண்டிக் கடந்து ஐரோப்பாவுக்குப் போயிற்று, மணிலா வழியாகச் சீனத்துக்கும் போயிற்று. ஸ்பானிய மொழியில் மதிப்பிட முடியாத ஒன்றை 'ஒரு பொத்தோசிக்குச் சமம்' என்பார்கள். மீத்தாவோ ஏறக்குறைய 250 ஆண்டுகள் நீடித்தது. 1781இல் துப்பாக் கத்தாரி என்ற அய்மாராப் பழங்குடித் தலைவரும் அவர் மனைவி பார்த்தோலினா சீசாவும் திரட்டிய படை லா பாஸை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. கத்தாரி அந்த ஆண்டு நவம்பரிலும், சீசா மறு ஆண்டிலும் கொல்லப்பட்டார்கள். விடுதலைக்கு 44 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. விடுதலைப் போரின் கதையை 1809இலிருந்து தொடங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போவது எனக்கு உடன்பாடில்லை.

1825 ஆகஸ்ட் 6இல் நாடு பிறந்தது. விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவாரின் பெயரைச் சூட்டிக்கொண்டது. நாட்டுச் சின்னத்தில் பொத்தோசி மலையையே வைத்தார்கள். அப்போது அந்த நாட்டுக்குக் கடற்கரை இருந்தது, அதுவும் சுமார் 400 கிலோமீட்டர். அட்டகாமா பாலைவனம், அதில் உரமாகப் பயன்படும் வெடியுப்பு. ஆனால் அதைத் தோண்டியது பெரும்பாலும் சிலி நிறுவனங்கள். புதிய வரி போடமாட்டோம் என்று 1874இல் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். 1878இல் பொலிவியா ஒரு குவிண்டாலுக்கு 10 சென்ட் வரி விதித்தது. 1879 பிப்ரவரி 14இல் சிலிப் படை அந்தோபகஸ்தாவில் இறங்கியது. மார்ச் 23இல் கலாமா அருகே ஒரு பாலத்தைக் காத்துநின்ற எதுவார்தோ அபரோவா சரணடைய மறுத்து உயிர்விட்டார். கடற்கரை போயிற்று. உலகின் மாபெரும் செம்புச் சுரங்கங்களில் ஒன்றான சுக்கிகமாத்தா இன்று இருப்பது அந்த இழந்த நிலத்தில்தான்.

இன்றும் மார்ச் 23 அங்கே கடல் நாள். பொலிவியாவுக்குக் கடற்படை உண்டு, டிட்டிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் அது உலா வருகிறது. 2018இல் சர்வதேச நீதிமன்றம், கடல்வழி குறித்துப் பேசியே தீரவேண்டிய சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. பள்ளிப் பிள்ளைகள் அடுத்த மார்ச்சிலும் ஊர்வலம் போனார்கள்.

1903இல் ரப்பர் விளைந்த ஆக்ரே பகுதி 20 லட்சம் பவுண்டுக்கும் ஒரு ரயில்பாதை வாக்குறுதிக்கும் பிரேசில் வசமானது. 1932 முதல் 1935 வரை பராகுவேயுடன் சாக்கோ போர். எண்ணெய் இருக்கிறது என்று நம்பிய முள்காட்டுக்காக. குளிர்ந்த மேட்டுநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அய்மாரா, கெச்சுவா இளைஞர்கள் அந்த வெக்கையில் குண்டுக்கு மட்டுமா இறந்தார்கள், தண்ணீர் இல்லாமலும் இறந்தார்கள். விடுதலையின்போது தனதென்று கோரிய நிலத்தில் பொலிவியா ஏறக்குறைய பாதியை இழந்திருக்கிறது.

வெள்ளி ஓய்ந்தபின் வெள்ளீயம் வந்தது. தகர டப்பா உலகெங்கும் பரவிய காலம் அது. வெள்ளிச் சீமான்களின் நகரம் சுக்ரே, வெள்ளீயத்தாரின் நகரம் லா பாஸ். 1899இல் உள்நாட்டுப் போரில் லா பாஸ் வென்றது. அரசமைப்பில் தலைநகரம் சுக்ரே, ஆட்சி நடப்பது லா பாஸ் என்ற விந்தை அப்படி வந்ததுதான். பத்தீன்யோ, ஓக்ஸ்சில்ட், அராமாயோ ஆகிய மூன்று குடும்பங்கள் வெள்ளீயத்தை ஆண்டன. சிமோன் பத்தீன்யோ உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக ஐரோப்பாவில் வாழ்ந்தார். 1942 டிசம்பரில் அவருடைய காத்தாவி சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்டு வந்த கூட்டத்தின்மீது ராணுவம் சுட்டது.

1952 ஏப்ரல் 9. புரட்சி வெடித்தது. சுரங்கத் தொழிலாளர்கள் டைனமைட்டோடு வந்தார்கள். மூன்றே நாளில் ராணுவம் தோற்றது. அதுவரை வாக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களுக்கு மட்டும். அந்த ஆண்டிலேயே எல்லோருக்கும், பெண்களுக்கும், வாக்குரிமை வந்தது. அக்டோபர் 31இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1953 ஆகஸ்டில் நிலச் சீர்திருத்தம். பண்ணைகளில் கூலியின்றி உழைத்துவந்தவர்கள் நிலம் பெற்றார்கள். 20ஆம் நூற்றாண்டு லத்தீன் அமெரிக்காவில் மெக்சிகோ, கியூபா புரட்சிகளோடு சேர்த்து வைத்துப் பேசவேண்டிய நிகழ்ச்சி இது. நாம் அதிகம் பேசுவதில்லை.

1985இல் வெள்ளீய விலை சரிந்தது. பணவீக்கமோ கட்டுக்கடங்கவில்லை. 1987இல் 10 லட்சம் பழைய பெசோவுக்கு 1 புதிய பொலிவியானோ என்று மாற்றிக் கொடுத்தார்கள். 20,000க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் வேலை இழந்து, குடும்பத்தோடு மலையிறங்கினார்கள். சிலர் சப்பாரே என்ற பகுதியில் கோக்கா பயிரிடப் போனார்கள், பலர் எல் ஆல்த்தோவில் செங்கல் வீடு கட்டிக்கொண்டார்கள். சங்கம் வைத்துப் போராடத் தெரிந்த கைகள் அவை. 2003இல் இயற்கை எரிவாயுவைச் சிலித் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்யத் திட்டமிட்டபோது, சாலையை மறித்து நின்றது அந்த எல் ஆல்த்தோதான். பலர் உயிரிழந்தார்கள், குடியரசுத் தலைவர் நாட்டைவிட்டுப் போனார். 2005 டிசம்பர் தேர்தலில் கோக்கா உழவர் சங்கத் தலைவரான ஏவோ மொராலெஸ் வென்றார். அய்மாரா இனத்தவர். 2006 மே 1இல் எரிவாயுவை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 2009 அரசமைப்பு ஸ்பானிய மொழியோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழி ஆக்கியது. அவருடைய ஆட்சியின் பிற்காலம் குறித்துக் கடும் விமர்சனங்கள் உண்டு, 2019இல் சர்ச்சைக்குள்ளான தேர்தலுக்குப் பின் பதவி விலகினார். ஆனாலும் தன் மொழியில் அரசிடம் பேசலாம் என்ற நிலை ஒரு கெச்சுவாத் தாய்க்கு வந்ததை நான் சிறிதாக எண்ணமாட்டேன். எரிவாயு உற்பத்தி 2014க்குப் பின் சரிந்தது. எரிவாயுவை விற்றுவந்த நாடு இப்போது டீசலை வெளியிலிருந்து வாங்குகிறது.

அடுத்தது லித்தியம், மின்கலங்களுக்கு வேண்டிய உலோகம். ஆல்த்திப்பிளானோவின் தெற்கே உயுனி என்னும் உப்புவெளி, 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பழைய ஏரிகள் வற்றி உண்டானது. எத்தனை சமதளம் என்றால், முழுவெளியிலும் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள். உப்பு ஓட்டின் அடியில் இருக்கும் உப்புக்கரைசலில் உலகின் மிகப் பெரிய லித்தியப் படிவுகளில் ஒன்று. பொலிவியா முழுமைக்குமான லித்திய வளத்துக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் மதிப்பீடு 2.3 கோடி டன். ஆனால் எடுப்பது எளிதில்லை. மெக்னீசியம் மிகுதியாகக் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் வெளி முழுவதும் நீர் தேங்குவதால் வெயிலில் ஆவியாக்குவதும் மெதுவாகிறது. 2023இல் சீன, ரஷ்ய நிறுவனங்களோடு அரசு உடன்படிக்கைகள் செய்தது.

உயுனியைச் சுற்றியுள்ள ஊர்களில் கினோவா தானியம் பயிரிடுகிறார்கள், லாமா மேய்க்கிறார்கள். சிலர் தலைமுறைகளாக உப்பு வெட்டுகிறார்கள். ஒப்பந்தம் பற்றிய செய்தி வந்ததும் அவர்கள் கேட்டவை மூன்று. இந்த ஆலைக்கு எவ்வளவு நன்னீர் வேண்டும்? அதை எந்த நிலத்தடியிலிருந்து எடுப்பீர்கள்? எங்களிடம் கேட்காமல் ஏன் கையெழுத்திட்டீர்கள்? முன்கூட்டியே கலந்து பேசும் உரிமையை 2009 அரசமைப்பு அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

பொத்தோசியில் இன்றும் காலை நேரத்தில் கூட்டுறவுச் சுரங்கத் தொழிலாளர்கள் கோக்கா இலைப் பையோடு மலைக்குள் போகிறார்கள். வெள்ளி மிகுதியாக இல்லை. துத்தநாகமும் கொஞ்சம் வெள்ளீயமும் கிடைக்கின்றன. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு தோண்டிய மலையின் உச்சி 2011இல் உள்வாங்கிச் சரிந்தது. பள்ளத்தை அடைத்துப் பார்த்தார்கள், மலை இன்னும் உள்வாங்குகிறது. அவர்கள் போவது அதன் அடியில்தான்.

நன்றி. வணக்கம்.